அனுப்பப்படுகிறது

"சிஸ்டம் இங்கதான இருக்கு?"

கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டி அந்தப் பெண் கேட்டபோது, நிமியா தெரெரே என்ற குளிர்ந்த இலைத் தேநீர்க் குவளையின் குழலைப் பல்லில் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிப்ரவரி வெயிலில் பெயிண்ட் கடையின் மாடியில் இருக்கும் அந்த அலுவலகம் காலையிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். கீழே டின் திறக்கிற வாசனை படியேறி வந்து மூக்கில் உட்காரும்.

"எந்த சிஸ்டம், டோன்யா?" என்று பெரியவர்களை அழைக்கும் மரியாதையோடு கேட்டாள் நிமியா.

"கோர்ட்டுல சொன்னாங்கம்மா. 'நாங்க அனுப்பிட்டோம், சிஸ்டம்தான் இன்னும் அனுப்பிக்கிட்டு இருக்கு, வேணும்னா போய் சிஸ்டத்தக் கேளு'ன்னாங்க. அதான் கேக்க வந்தேன்."

யாரோ ஒரு குமாஸ்தா எரிச்சலில் சொன்ன பேச்சு. இந்தப் பெண் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, கோர்ட்டு திரையின் அடியில் பொடி எழுத்தில் ஓடிய கம்பெனிப் பெயரைப் படித்து, என்கார்னசியோன் நகரத்தில் தெருத் தெருவாக விசாரித்து வந்து சேர்ந்திருந்தாள். பெயர் சுனில்தா. ஐம்பதை ஒட்டிய வயது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் முடி வெட்டும் கடை வைத்திருப்பவள். தோளில் ஒரு துணிப்பை. அதில் மடித்த சட்டை ஒன்று தெரிந்தது.

நிமியா நாற்காலியை இழுத்துப் போட்டு, குவளையில் புதிதாக ஐஸ் தண்ணீர் ஊற்றி நீட்டினாள். சுனில்தா ஒரே இழுப்பில் உறிஞ்சி முடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"என் தம்பி எலாதியோ. இத்தாவெரா ஜெயில்ல இருக்கான். மாடு திருடினான்னு பிடிச்சுக்கிட்டுப் போனாங்க. மாட்டுக்காரனே வந்து 'இந்த ஆள் இல்ல'ன்னு சொல்லிட்டான். ஜட்ஜு வியாழக்கிழமை விடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாச்சு. நான் கண்ணால பாத்தேன். அன்னையிலேர்ந்து தினம் ஜெயில் வாசல்ல போய் நிக்கிறேன். 'பேப்பர் வரல'ன்றாங்க. கோர்ட்டுக்கு ஓடினா 'போயிடுச்சு'ன்றாங்க. ரெண்டு பேருமே பொய் சொல்ற மாதிரி தெரியல. அப்ப நடுவுலதான ஏதோ இருக்கு?"

நடுவில் இருந்தது இவர்கள்தான். நீதிபதி கையெழுத்திடும் உத்தரவுகளைச் சிறைகளுக்கும் காவல் நிலையங்களுக்கும் கொண்டுசேர்க்கிற மென்பொருளை எழுதியதும் பராமரிப்பதும் இந்த மாடி அலுவலகம். முதலாளி அர்னால்டோ உள்ளறையிலிருந்து எழுந்து வந்தான். நல்ல மனிதன். யாரிடமும் கத்தமாட்டான். ஆனால் வெளியாள் யாராவது அலுவலகத்துக்குள் வந்து நின்றால் அவனுக்கு வியர்த்துவிடும்.

"டோன்யா, இது கம்ப்யூட்டர் ஆபீசு. கேஸ் விஷயமெல்லாம் இங்க பேச முடியாது."

"கேஸ் விஷயம் முடிஞ்சுபோச்சு தம்பி. அதத்தான சொல்றேன். இப்ப இருக்கிறது உங்க விஷயம்."

அர்னால்டோ சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையைக் காட்டினான். "பாருங்க. எல்லாம் பச்சை. தப்பாப் போனது பூஜ்யம். ஏதாவது போகலன்னா இங்க செவப்பா அடிக்கும்."

சுனில்தா பச்சையைப் பார்த்தாள். பிறகு நிமியாவைப் பார்த்தாள். "பச்சையா இருந்தா என் தம்பி ஏம்மா உள்ள இருக்கான்?"

நிமியா அடையாள அட்டை எண்ணை வாங்கிக்கொண்டு தேடினாள். எலாதியோவின் உத்தரவு கிடைத்தது. அதற்கு எதிரே ஒரே ஒரு வார்த்தை: அனுப்பப்படுகிறது.

வியாழக்கிழமை மதியத்திலிருந்து அனுப்பப்பட்டுக்கொண்டே இருந்தது.

இந்த மென்பொருளில் ஒவ்வோர் உத்தரவும் ஒரு ஜாப். ஜாப்கள் வரிசையில் காத்திருக்கும். வொர்க்கர் என்று சொல்லப்படும் சின்னச் சின்ன நிரல்கள் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு வொர்க்கர் வந்து வரிசையிலிருந்து ஒன்றை எடுக்கும், 'நான் எடுத்துக்கொண்டேன்' என்று தன் பெயரைப் போட்டுக் குறித்துவைக்கும், சிறையின் கம்ப்யூட்டருக்கு அனுப்பும், ரசீது வந்ததும் 'முடிந்தது' என்று எழுதும். சிறை வாங்க மறுத்தால் 'தவறியது' என்று எழுதும், சுவரில் சிவப்பு அடிக்கும். எல்லாவற்றையும் எழுத வேண்டியது அந்த வொர்க்கர்தான். கையில் உத்தரவோடு அதுவே நடுவழியில் செத்துப்போனால்? முடிந்தது என்றும் எழுதாது, தவறியது என்றும் எழுதாது. எடுத்துக்கொண்ட குறிப்பு மட்டும் அப்படியே நிற்கும். பார்க்கிறவர்களுக்கு வேலை நடந்துகொண்டிருப்பதாகத்தான் தெரியும்.

"மாட்டிக்கிச்சு," என்றாள் நிமியா.

"இத்தாவெராவா? அது எப்பவும் லேட்டுதான்," என்றான் அர்னால்டோ.

அதுவும் உண்மை. இத்தாவெரா சிறையின் கம்ப்யூட்டர் பழசு. அங்கே மின்சாரம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். சில நாட்களில் ஒரு பக்கம் போய்ச்சேரவே பாதிப் பகலாகும். முன்பு ஒருமுறை, ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கிற எதற்கும் மணியடிக்கும்படி வைத்துப் பார்த்தார்கள். இத்தாவெரா புண்ணியத்தில் அது நாள் முழுக்க அடித்தது. கோர்ட்டிலிருந்து 'தொல்லை தாங்கவில்லை' என்று சொல்லி நிறுத்தச் சொன்னார்கள். மெதுவாகப் போகிறதா, மாட்டிக்கொண்டதா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

நேரத்தை வைத்துப் பார்த்தால் இது பிடிபடாது என்று நிமியாவுக்குத் தோன்றியது. எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று கேட்பதை விட்டுவிட்டு, எடுத்துக்கொண்டவன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்டாள். எலாதியோவின் உத்தரவில் குறித்திருந்த வொர்க்கரின் பெயரை எடுத்து, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வொர்க்கர்களின் பெயர்களோடு பொருத்திப் பார்த்தாள். அப்படி ஒன்று இல்லவே இல்லை. வியாழக்கிழமை மதியம் அடித்த புயலில் சர்வர் இருக்கும் கட்டடத்தில் மின்சாரம் போய் வந்திருந்தது. அப்போது ஓடிக்கொண்டிருந்தவை மொத்தமும் செத்து, புதிய பெயர்களோடு புதியவை எழுந்திருந்தன. புதியவை காத்திருக்கும் உத்தரவுகளை மட்டும்தான் எடுக்கும். செத்தவர்கள் கையிலிருந்ததை யாரும் தொடவில்லை.

அவள் கை தானாகவே அடுத்த கேள்வியைத் தட்டியது: செத்துப்போன வொர்க்கர்களின் பெயரில் இன்னும் என்னென்ன நிற்கின்றன?

ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர்கள் இறங்கின. எல்லாமே ஆட்கள். எல்லாமே விடுதலை உத்தரவுகள், இத்தாவெராவுக்கும் இன்னும் இரண்டு சிறைகளுக்கும்.

"அர்னால்டோ, இங்க வாங்க."

அவன் வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். பிறகு மெல்ல, சுனில்தாவுக்குக் கேட்காதபடி, "எல்லாத்தையும் திரும்ப அனுப்பு," என்றான்.

"முடியாது. நாலு நாள் பழைய உத்தரவுங்க இது. நடுவுல ஏதாவது மாறியிருந்தா? கோர்ட்டுல ஒவ்வொண்ணாக் கேட்டுட்டுத்தான் அனுப்பணும்."

"கோர்ட்டுக்கு போன் போட்டா அவங்களுக்குத் தெரிஞ்சிடும்."

"தெரியட்டும்."

"நான் அதுக்காகச் சொல்லல, நிமியா," என்றான் அவன். கொஞ்சம் அதற்காகவும்தான் சொன்னான் என்பது இருவருக்கும் தெரியும். "நல்லா யோசி. இத்தாவெராவுல மதியத்துக்கு மேல கதவத் திறக்கமாட்டான். நீ ஒவ்வொண்ணாக் கேட்டுக்கிட்டு உக்காந்தா இவங்க எல்லாரும் இன்னொரு ராத்திரி உள்ள கிடக்கணும். ஜட்ஜு கையெழுத்துப் போட்டாச்சு. அதச் சரிபாக்க நாம யாரு?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளை உறுத்தியது. ஆனாலும் அவள் போனை எடுத்தாள்.

கோர்ட்டுச் செயலாளர் மிர்த்தா நல்லவேளையாக உடனே எடுத்தாள். நிமியா சுற்றி வளைக்காமல் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

"நாலு நாளாவா? நாங்க தினமும் ஜனங்கள விரட்டி விட்டுக்கிட்டு இருக்கோமே, போயிடுச்சு போயிடுச்சுன்னு."

"ஒவ்வொரு பேரா வாசிக்கிறேன் மேடம். செல்லுமா செல்லாதான்னு மட்டும் சொல்லுங்க."

முதல் பெயராக எலாதியோவை வாசித்தாள். செல்லும். அவன் உத்தரவை மட்டும் தனியே எடுத்து, பழைய பெயரை அழித்து, மறுபடி வரிசையில் விட்டாள். உயிரோடிருக்கும் ஒரு வொர்க்கர் அதை எடுத்தது. சற்று நேரத்தில் ரசீது வந்தது. "போயிடுச்சு, டோன்யா," என்று அவள் திரும்பிச் சொன்னதும் சுனில்தா துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஆனால் நகரவில்லை. இதே வார்த்தையை அவள் ஏற்கெனவே நிறையக் கேட்டிருந்தாள்.

அடுத்த பெயர், அதற்கடுத்தது. மிர்த்தா ஒவ்வொரு கோப்பாகத் தேடினாள். தேடும்போதெல்லாம் போனில் நீதிமன்றத்தின் காத்திருப்பு இசை ஒலித்தது. அர்னால்டோ உள்ளறைக்குப் போனான். வந்தான். கடிகாரத்தைப் பார்த்தான். மறுபடி உள்ளே போனான்.

"வில்மார் ககாவல்யேரோ," என்றாள் நிமியா.

மிர்த்தா தேடப் போகவில்லை. "அந்த ஆளா? ஐயோ, வேண்டாம்! அது ரத்தாயிடுச்சு. பொண்டாட்டிய அடிச்ச கேசு, வியாழக்கிழமை ஜாமீன் கொடுத்தாங்க. மறுநாளே அவன் உள்ளேர்ந்து திருட்டு போன்ல பொண்டாட்டிக்கு அனுப்பின மெசேஜ் எல்லாம் வந்துச்சு. கழுத்த அறுப்பேன், புள்ளைங்கள அறுப்பேன்னு. ஜட்ஜு ஜாமீனத் தூக்கிட்டாரு. நல்லவேளை அது போகாம நின்னுச்சு."

"இருங்க மேடம், அத ஓரமா எடுத்து வெச்சிடறேன்," என்று நிமியா திரையின் பக்கம் திரும்பினாள்.

திரையில் அந்தப் பெயர் இல்லை. எந்தப் பெயருமே இல்லை. பட்டியல் காலியாக இருந்தது.

"அர்னால்டோ!"

அவன் உள்ளறை வாசலில் வந்து நின்றான். அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அனுப்பிட்டேன்," என்றான். "மணி ஆகிக்கிட்டே போச்சு. யாரோட தம்பியோ, யாரோட புருஷனோ..."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். ஏன்?"

நிமியா வில்மாரின் பெயரைத் தேடினாள். முடிந்தது, ரசீது பெறப்பட்டது. ரத்து உத்தரவு வெள்ளிக்கிழமையே புதிய வொர்க்கரின் கையில் ஒழுங்காகப் போய்ச்சேர்ந்திருந்தது. சிறையில் அதை வாங்கி வைத்திருப்பார்கள், வராத விடுதலைக்கு எதற்கு ரத்து என்று யோசிக்காமலேயே. இப்போது அதற்கு முன்னால் போயிருக்க வேண்டிய விடுதலை உத்தரவு பின்னால் போயிருந்தது. சிறைக் காவலர்களின் கண்ணுக்கு இதுதான் புதிய உத்தரவு.

போனில் மிர்த்தா, "ஹலோ, ஹலோ," என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நிமியா சொன்னாள். மிர்த்தா ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள், நீதிமன்ற வளாகத்தில் உட்கார்ந்துகொண்டு. "நான் போலீசுக்குச் சொல்றேன். நீங்க ஜெயிலுக்கு அடிங்க."

ஜெயில் எண் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. சாப்பாட்டு நேரம்.

"நான் போறேன்," என்று நிமியா கார் சாவியை எடுத்தாள்.

"நானும் வரேன்," என்றாள் சுனில்தா. "அங்கதான போகணும் நானும்."

அர்னால்டோ வாசலிலேயே நின்றான். "நிமியா, எனக்குத் தெரியாது. சத்தியமா..." என்றான். அவள் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தாள்.

இத்தாவெரா சாலையில் இரண்டு பக்கமும் சோயா வயல்கள். அவற்றைத் தாண்டினால் செம்மண் தூசி. நிமியா மிதித்த மிதியில் பழைய கார் முனகியது. சிறிது தூரம் போன பிறகு சுனில்தா, "அந்த வில்மாரு யாரு?" என்றாள். நிமியா சொன்னாள்.

சுனில்தா பையிலிருந்து போனை எடுத்தாள். "வாசல் காவல்காரன் கிறிஸ்தால்தோன்னு ஒருத்தன். அவன் நம்பர் எங்கிட்ட இருக்கு. தினமும் போய் நின்னு நின்னு பழக்கமாயிட்டான். போன வாரம் அவன் பொண்ணுக்குச் சும்மாவே முடி வெட்டிவிட்டேன்."

ஒலிபெருக்கியில் போட்டாள். அந்தப் பக்கம் சிரிப்போடு ஒரு குரல் கேட்டது. "டோன்யா சுனில்தா! நானே கூப்பிடணும்னு இருந்தேன். வந்திடுச்சு உங்க தம்பி பேப்பர்! இன்னைக்கு என்ன திருவிழாவா, வானத்துலேர்ந்து கொட்டுது பேப்பரு. மெஷினு திணறிப்போச்சு."

"அது இருக்கட்டும் மகனே. வில்மார்னு ஒருத்தன், ககாவல்யேரோ. அவன விட்டுட்டீங்களா?"

"அவனா? முதல்ல போனதே அவன்தான். மூட்டை கட்டி ரெடியா இருந்த மாதிரி ஓடினான். மோட்டார்சைக்கிள் டாக்சி பிடிச்சுப் போனான். ஏன்?"

சுனில்தா நிமியாவைப் பார்த்தாள். நிமியா காரை ஓரங்கட்டி நிறுத்தினாள்.

"ஏன் டோன்யா, என்ன ஆச்சு?" என்று அந்தக் குரல் மீண்டும் கேட்டது. இப்போது அதில் சிரிப்பு இல்லை.

மிர்த்தாவிடமிருந்து அந்த மனைவியின் எண் வந்தது. பெயர் நெல்லி. தெரெரேவுக்கான யெர்பா இலை ஆலை ஒன்றில் உலர்த்தும் பிரிவில் வேலை. போலீசுக்குச் சொல்லியாகிவிட்டது, ஆனால் அந்த ஊர் நிலையத்தில் வண்டி இல்லை, பக்கத்து ஊரிலிருந்து வரவேண்டும் என்று மிர்த்தா சொன்னாள். "நீங்களே பேசுங்க. நான் இந்தப் பக்கம் போலீசோட இருக்கேன்."

வயல் நடுவே, எஞ்சினை அணைக்காமல், நிமியா அந்த எண்ணை அழுத்தினாள். பின்னால் ஆலை இயந்திரத்தின் சத்தத்தோடு, "யாரு?" என்று ஒரு குரல்.

"நெல்லி? என் பேரு நிமியா. உங்களுக்கு என்னைத் தெரியாது. கோர்ட்டு உத்தரவுங்கள அனுப்புற கம்ப்யூட்டர் ஆபீசுலேர்ந்து பேசறேன். நான் சொல்றத உக்காந்து கேளுங்க. இல்ல, உக்காராதீங்க. உங்க வீட்டுக்காரர் வெளிய வந்துட்டாரு."

"ரத்துப் பண்ணிட்டாங்கன்னு சொன்னாங்களே," என்றாள் நெல்லி.

"ரத்துதான். தப்பா விட்டுட்டாங்க. எங்க தப்பு. எங்க மெஷினோட தப்பு, எங்க ஆபீசோட தப்பு."

"எப்ப?"

"இப்பத்தான். அரை மணி நேரம் இருக்கும். மோட்டார்சைக்கிள்ல."

"இத்தாவெராவுலேர்ந்தா?" அவள் கணக்குப் போடுவது கேட்டது. அழவில்லை. திட்டவும் இல்லை. "புள்ளைங்க ஸ்கூல்ல இருக்கு. ஸ்கூலு அவன் வர்ற வழியிலதான் இருக்கு."

"நான் ஸ்கூலுக்கு போன் பண்ணட்டுமா? கதவப் பூட்டி வெக்கச் சொல்லட்டுமா?"

"பண்ணுங்க. ஆனா யார் வந்து கேட்டாலும் விடக்கூடாதுன்னு சொல்லுங்க. அப்பான்னு சொல்லிக்கிட்டு வந்தாலும். அப்பான்னுதான் சொல்லுவான்." பிறகு பக்கத்தில் யாரிடமோ, "ஏய், உன் பைக்கு சாவியக் குடுடி, எதுவும் கேக்காத, குடு," என்று கத்துவது கேட்டது. தொடர்பு அறுந்தது.

மிர்த்தாவிடம் எண்ணை வாங்கி நிமியா பள்ளிக்கூடத்துக்குப் பேசினாள். தலைமையாசிரியைக்குப் புரியவைக்கச் சற்று நேரம் பிடித்தது. அதற்குப் பிறகு அவளால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை. வண்டியை எடுத்தாள். தன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளின் தம்பி வெளியே வரப்போகிறான், அது நல்ல செய்தி என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

சிறை வாசலில் கிறிஸ்தால்தோ முகம் வெளிறி நின்றிருந்தான். "மேடம், பேப்பர்ல தேதி வியாழக்கிழமைன்னுதான் போட்டிருந்துச்சு. ஆனா இன்னைக்குத்தான வந்துச்சு. கடைசியா வந்தத வெச்சுதான நாங்க செய்யணும்," என்று நிமியாவிடம் சொன்னான். அவள் தலையசைத்தாள்.

எலாதியோ வெளியே வந்தான். ஒல்லியான, நெட்டையான ஆள், நாற்பது இருக்கும். தலையைச் சுற்றி இடது காதை மூடி அழுக்குத் துணிக் கட்டு. சுனில்தா ஓடிப்போய் அவன் முகத்தைக் கையில் பிடித்தாள்.

"என்னடா இது? காதுல என்ன?"

அவன் தலையைத் திருப்பி வலது காதை அவள் பக்கம் காட்டினான். இடது காது கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கும் நிமியாவுக்கும் புரிந்தது.

"படுக்குற இடத்துக்குச் சண்டை," என்றான் எலாதியோ. "கட்டைய எடுத்து அடிச்சுட்டான் ஒருத்தன். விடுக்கா. பொழச்சு வந்துட்டேன்ல."

"என்னைக்குடா?"

"என்ன?"

"அடிச்சது என்னைக்குன்னு கேக்குறேன்."

அவன் யோசித்தான். உள்ளே இருந்தவர்களுக்கு நாட்கள் குழம்பிப் போகும். "ஞாயித்துக்கிழமை. பூசைக்குச் சாமியார் வந்த அன்னைக்கு."

சுனில்தா நிமியாவின் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலிருக்க அவள் முயன்றது நிமியாவுக்குத் தெரிந்தது. பையிலிருந்த சட்டையை எடுத்து, வாசலில் அத்தனை பேர் முன்னிலையில் தம்பியின் பழைய சட்டையைக் கழற்றி, குழந்தைக்குப் போடுவதுபோல் அதைப் போட்டுவிட்டாள். கட்டு சிக்கிக்கொள்ளாதபடி கழுத்துப் பட்டையை அகலப் பிடித்து மெதுவாக இழுத்தாள்.

திரும்பும் வழியில் மிர்த்தாவிடமிருந்து செய்தி வந்தது. நெல்லி பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து பின்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பாலத்தைத் தாண்டி, அர்ஜென்டினாப் பக்கம் பொசாதாசில் அவள் சித்தி மகள் இருக்கிறாளாம். வில்மார் அவர்கள் வீட்டுக் கதவை உடைத்திருக்கிறான். போலீஸ் வந்தபோது உள்ளே ஒரு தட்டுகூட முழுசாக இல்லை. ஆளும் இல்லை.

நிமியா படித்துக் காட்டினாள். சுனில்தா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். எலாதியோ, "என்ன சொல்றாங்க?" என்று கேட்டான். அக்கா அவன் வலது காதருகே குனிந்து, "ஒண்ணுமில்லடா, ஒரு பொண்ணு தப்பிச்சிட்டா," என்றாள்.

வீட்டு வாசலில் இறங்கியதும் அவள் காரின் ஜன்னலருகே வந்து நின்றாள்.

"ஏம்மா, இத எல்லாம் எங்கயாவது எழுதிக் குடுப்பீங்களா?"

"எழுதுவேன்."

"அப்ப ஞாயித்துக்கிழமைன்னும் எழுதுங்க. வியாழக்கிழமை கையெழுத்து, ஞாயித்துக்கிழமை காதுன்னு. வக்கீலு அதத்தான் கேப்பாரு." சற்று நின்று, "நீங்க நல்லவங்கதான். ஆனா எழுதுங்க," என்றாள்.

நிமியா எழுதினாள். அலுவலகத்துக்குப் போனதும் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்து, புயல், செத்துப்போன வொர்க்கர்கள், பச்சையாகவே இருந்த சுவர், மொத்தமாகத் திரும்ப அனுப்பியது, எல்லாவற்றையும் எழுதித் தன் பெயரைக் கீழே போட்டாள். அர்னால்டோவிடம் கொண்டுபோய் வைத்தாள். அவன் படித்தான். தன் பெயர் வருகிற இடத்தில் வெகுநேரம் நின்றான்.

"இத அனுப்பினா நம்ம கடைய மூட வேண்டியதுதான்."

"தெரியும்."

"என் பேர எடுத்துடலாம்னு உனக்குத் தோணலையா?"

"தோணிச்சு," என்றாள் அவள்.

அவன் ஜன்னல் பக்கம் போய் நின்றான். கீழே யாரோ வெள்ளைப் பெயிண்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து, பேனாவை எடுத்து, அவள் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டான். "அந்தப் பொண்ணு செத்திருந்தா என்ன பண்ணியிருப்பேன், நிமியா?" என்றான். அவள் தாளை எடுத்து உறையில் போட்டாள்.

கடையை மூடவில்லை. இந்த மென்பொருளைத் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லை என்பதால் கோர்ட்டு இவர்களையே வைத்துக்கொண்டது. விசாரணை நடந்தது. 'தொழில்நுட்பக் காரணம்' என்று எழுதி மூடினார்கள். எலாதியோ காதுக்காகப் போட்ட நஷ்டஈட்டு வழக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. அவனுக்கு அந்தக் காது இன்னும் கேட்கவில்லை. வில்மாரைச் சில வாரங்கள் கழித்து ஆற்றோரத்தில் மீனவர்கள் தங்கும் கூடாரம் ஒன்றில் பிடித்தார்கள்.

நிமியா மென்பொருளை மாற்றினாள். இப்போது ஒவ்வொரு வொர்க்கரும் உத்தரவு கையில் இருக்கும்வரை, 'இருக்கிறேன், இது என்னிடம் இருக்கிறது' என்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். மெதுவாகப் போகட்டும், பரவாயில்லை, ஆனால் சொல்லிக்கொண்டே போக வேண்டும். சத்தம் நின்றால் மணியடிக்கும். எதுவும் தானாகத் திரும்பப் போகாது. கோர்ட்டில் ஒருவர், இது இன்னும் செல்லும் என்று சொன்னால்தான் போகும். மொத்தமாக அனுப்பும் பொத்தானை அவள் எடுத்தேவிட்டாள்.

ஒருநாள் காலை அவள் போனில் அர்ஜென்டினா எண் ஒன்று வந்தது. நெல்லி.

அவள் ஊருக்குத் திரும்பவில்லை. ஆலையில் அவள் இடத்தில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். பொசாதாசில் ஒரு ஓட்டலில் மரவள்ளி உரிக்கிறாளாம், தட்டுக் கழுவுகிறாளாம். பிள்ளைகள் புதிய பள்ளியில் யாரோடும் பேசுவதில்லையாம். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குச் சொன்னாள். அவள் கூப்பிட்டது வேறு ஒன்றுக்காக.

"அவனப் பிடிச்சுட்டாங்க. ஆனா என்னைக்காவது விடுவாங்கல்ல. அப்ப உங்க மெஷினு எனக்குச் சொல்லுமா?"

நிமியா யோசித்தாள். விடுதலை உத்தரவு சிறைக்குப் போகும், காவல் நிலையத்துக்குப் போகும், வக்கீலுக்குப் போகும். அடிபட்டவளுக்குப் போகிற மாதிரி யாரும் சட்டம் எழுதவில்லை. அதனால் அப்படி ஒரு ஜாப்பும் இல்லை.

"மெஷினு சொல்லாது. நான் சொல்றேன். அவர் பேர்ல எந்த உத்தரவு வந்தாலும் உங்களுக்கு நானே போன் பண்ணுவேன்."

"நீங்க அந்த வேலைய விட்டுட்டுப் போயிட்டா?"

"மிர்த்தா மேடம்கிட்டயும் சொல்லி வெக்கிறேன்."

"அவங்களும் போயிட்டா?" நெல்லியின் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "அன்னைக்கு நீங்க போன் பண்ணீங்க, சரி. ஒரு அக்கா காவல்காரன் நம்பரோட உங்க பக்கத்துல இருந்ததால பண்ணீங்கன்னு மிர்த்தா மேடம் சொன்னாங்க. அவ வரலன்னா?"

நிமியா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"சரி விடுங்க," என்றாள் நெல்லி. "கேட்டு வெக்கலாமேன்னு கேட்டேன். வேலைக்கு நேரமாச்சு."

அடுத்த வாரம் நிமியா கோர்ட்டுக்கு ஒரு வேண்டுகோள் எழுதினாள், அச்சுறுத்தப்பட்டவர்களுக்கும் உத்தரவு போகவேண்டும் என்று. பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. அதற்குப் பிறகு வேறு பதில் வரவில்லை. அவள் மாதத்துக்கு ஒருமுறை மிர்த்தாவிடம் கேட்கிறாள். வில்மாரின் பெயரை அவ்வப்போது தேடிப் பார்க்கிறாள். சில நாள் பொசாதாஸ் எண்ணுக்கு அடிப்பாள், ஒன்றும் இல்லை, சும்மாத்தான் என்று சொல்ல. நெல்லி சில சமயம் எடுப்பாள். பல சமயம் எடுப்பதில்லை.